அக்கா, கண்ணாடி ஏன் விரிசல் விடுது?

போன இதழில் ஃப்யூஸ்டு கிளாஸ் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். வண்ணக் கண்ணாடித் துண்டுகளை வெட்டி, அடுக்கி, உலையில் வைத்து ஒன்றாக உருக்கி எடுக்கிற கைவேலை அது. அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆரணி என்று நம் பக்கத்துக் கடிதங்களாக எடுத்து வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். எந்தக் கேள்வியை எடுத்தாலும் கடைசியில் விரிசலில்தான் போய் நிற்கிறது, அதனால் தலைப்பையும் ஒரு கடிதத்திலிருந்தே எடுத்துவிட்டேன்.

கேள்வி: நாங்கள் ஆறு பேர் கல்லூரித் தோழிகள். நாலு பேர் வேலூர் சுற்றுவட்டாரம், ஒருத்தி சென்னை, ஒருத்தி பெங்களூரு. எல்லாருக்கும் இந்த வருஷம் நாற்பது. ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டுப் படம் எடுப்பதற்குப் பதிலா, ஒரு சனிக்கிழமை எங்களுக்கு மட்டும் தனியா கண்ணாடி வகுப்பு எடுக்கச் சொல்லி, ஆளுக்கொரு தட்டு செய்யலாம்னு ஆசை. ஒரே நாளில் முடியுமா? பெங்களூருக்காரி ஞாயிறு காலை காட்பாடியில் பிருந்தாவன் பிடிக்கணும். என்ன உடுத்திக்கிட்டுப் போகணும், என்ன கேட்டுக்கணும், எல்லாம் சொல்லுங்கள்.
– ஒரு வாசகி, காந்தி நகர், காட்பாடி

பதில்: சனிக்கிழமை செய்யலாம். ஞாயிறு காலை ரயிலில் தட்டோடு ஏற முடியாது. இதை முதலிலேயே பெங்களூருத் தோழியிடம் சொல்லிவிடுங்கள், வகுப்பு முடிகிற நேரத்தில் சொன்னால் முகம் சுருங்கும், நான் பார்த்திருக்கிறேன்.

ஏன் முடியாது? உங்கள் கை வேலை மூன்று மணி நேரம்தான். நீங்கள் கிளம்பிய பிறகுதான் உலை தன் வேலையைத் தொடங்கும். மணிக்கு 200 டிகிரி சொச்சம் என்ற கணக்கில் மெதுவாக ஏறி, 670 டிகிரி செல்சியஸ் பக்கம் அரை மணி நின்று (அடுக்குகளுக்கு இடையில் மாட்டிய காற்று வெளியே போக), அப்புறம் 800 டிகிரியைத் தொட்டு ஒரு பத்து நிமிடம். அங்கேதான் துண்டுகள் ஒன்றோடொன்று கலந்து வழவழவென்று ஆகும். பிறகு 480 டிகிரிக்கு இறங்கி அங்கேயே ஒரு மணி நேரம் நிற்கும், அதற்கப்புறமும் அவசரமில்லாமல் இறங்கும். இது எல்லாம் சேர்த்து எட்டு மணி நேரம், பிறகு உலை தானாக ஆறுவதற்கு இன்னொரு எட்டு மணி நேரமாவது ஆகும். இதில் கிடைப்பதும் தட்டையான பலகைதான். குழிவான தட்டு வேண்டுமென்றால் அதை மண் அச்சின் மேல் வைத்து 650-680 டிகிரியில் இரண்டாவது முறை சுட வேண்டும், அப்போதுதான் தொய்ந்து அச்சுக்குள் உட்காரும். ஆக, தட்டு என்றால் இரண்டு சூடு, மூன்று நாள். சுவரில் மாட்டும் சதுரமோ, டம்ளர் வைக்கும் பலகையோ போதுமென்றால் ஒரு சூடு.

அந்த 480-இல் நிற்பதைத்தான் அனீலிங் என்கிறோம். சூடான கண்ணாடியின் வெளிப்புறம் முதலில் ஆறும், உள்புறம் பின்னால் ஆறும், இரண்டும் இழுத்துக்கொள்ளும். அந்த இழுவை உள்ளேயே தங்கிவிட்டால் இன்றைக்கு உடையாது, ஒரு மாதம் கழித்து யாரும் தொடாமலே அலமாரியில் 'டக்' என்று சத்தம் கேட்கும். 6 மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு மணி நேரம் நிறுத்தினால் 12 மில்லிமீட்டருக்கு இரண்டு மணி நேரம். உலையில் இருக்கிற பொருள்களில் எது அதிகக் கனமோ அதற்குத்தான் கணக்கு. உங்களில் ஒருத்தி ஆசைப்பட்டு நாலு அடுக்கு வைத்தால் மற்ற ஐந்து பேரின் கண்ணாடியும் அவளுக்காகக் காத்திருக்கும், அதனால் ஆறு பேரும் ஒரே கனம் என்று முதலிலேயே பேசி வையுங்கள்.

கனம் என்றால் எவ்வளவு? 3 மி.மீ. தகடு இரண்டு, ஒன்றின் மேல் ஒன்று. உருகிய கண்ணாடிக்கு ஒரு குணம் உண்டு, சுமார் 6 மில்லிமீட்டரில் நிற்கத்தான் அது பார்க்கும். அதைவிட மெல்லியதாக வைத்தால் ஓரம் உள்ளே சுருங்கி முள்ளு முள்ளாக நிற்கும், அதிகமாக வைத்தால் தோசைமாவு போலப் பரவும். உலைப் பலகை 45 செ.மீ. சதுரம் என்று வைத்துக்கொண்டால் ஆளுக்கு 13 செ.மீ. சதுரம் தாராளமாக வைக்கலாம், நடுவில் ஒரு விரல் இடைவெளி விட்டு.

வகுப்பில் முதல் அரை மணி நேரம் எல்லாரும் பயப்படுவது வெட்டுவதற்கு. ஃபிரேம் கடைக்காரர் மண்ணெண்ணெயில் தோய்த்த கட்டரால் சர்ரென்று ஒரு கோடு இழுத்து, மேசை விளிம்பில் வைத்து மடக் என்று உடைப்பாரே, அதேதான். கட்டர் கண்ணாடியை வெட்டுவதில்லை, கீறல் மட்டும்தான் போடுகிறது, அந்தக் கீறலில் கண்ணாடி தானே பிளக்கிறது. கீறும்போது பட்டுத்துணி கிழிகிற மாதிரி ஒரு மெல்லிய சத்தம் வர வேண்டும், வந்தால் சரி. வராவிட்டால் அதே கோட்டில் இன்னொரு தடவை இழுக்கக் கை வரும், இழுக்காதீர்கள், கோடும் போகும் கட்டரும் போகும்.

வெட்டப் பிடிக்காதவர்களுக்கு வேறு வழி உண்டு. பொடித்த கண்ணாடி மாவு, ரவை, நொய் என்று பல சைஸில் கிடைக்கும் (ஃப்ரிட் என்று பெயர், நாங்கள் நொய் என்றே சொல்லிப் பழகிவிட்டோம்), சேமியா போல நீளக் குச்சிகளும் உண்டு. கோலம் போடுகிற கை இருந்தால் நொய்யை விரலிடுக்கில் விட்டே நன்றாக வரைந்துவிடலாம். துண்டுகள் நகராமல் இருக்கத் தண்ணீர் கலந்த ஃபெவிகால் ஒரு துளி, ஓரத்தில் மட்டும், உலையில் அது எரிந்து போய்விடும். நடுவில் தாராளமாக ஊற்றினால் கருப்பாகப் புகை படியும்.

நிறத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. சில ரோஜா நிறங்கள் சுடுவதற்கு முன்னால் வெறும் வெள்ளைக் கண்ணாடி போலவே இருக்கும், சூட்டில்தான் நிறம் பிடிக்கும். ஆசிரியரிடம் சுட்ட மாதிரித் துண்டுகள் கோர்த்த அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் எனக்கு அவர் மேல் கொஞ்சம் சந்தேகம் வரும்.

உடுப்பு: பருத்தி, மூடிய செருப்பு அல்லது ஷூ, துப்பட்டா வேண்டாம், முந்தானையைச் செருகிக்கொள்ளுங்கள். கண்ணாடிக்கு முன்னால் கண்ணுக்கும் கண்ணாடி கட்டாயம். மாவுக் கண்ணாடி தூவும்போது முகக்கவசம் போட வேண்டும், சாதாரணத் துணி போதாது, என்95. மேசையை வெறும் கையால் துடைக்காதீர்கள், ஈரத்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், தென்னந்துடைப்பம் வைத்துப் பெருக்கினால் தூள் பறந்து மூக்குக்குள்தான் போகும். சாப்பாடும் அந்த மேசையில் வேண்டாம். ஆம்பூர் பிரியாணி சொல்லி வைத்திருப்பீர்கள், தெரியும், கையை முழங்கை வரை கழுவிவிட்டு வேறு அறையில்.

கடைசியாக, ஆசிரியரிடம் கேட்க வேண்டியதில் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: "எல்லாக் கண்ணாடியும் ஒரே சிஓஇ தானே?" அது என்ன என்று அடுத்த கேள்வியில். ஆறு பேரில் ஒருத்தி கட்டாயம் வீட்டிலிருந்து ஏதாவது ஒரு அழகான துண்டைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வருவாள். என்னிடம் வந்த ஒரு குழுவில், நான் டீ எடுக்கப் போன நேரத்தில், நீல பாட்டில் துண்டு ஒன்றை மீன் படத்துக்குக் கண்ணாக வைத்துவிட்டார் ஒருவர். உலையிலிருந்து எடுத்தபோது அருமையாக இருந்தது. மூன்றாம் நாள் அவர் வீட்டுச் சுவரில் மீன் இரண்டானது. தப்பு என்னுடையதும்தான், உலையில் வைப்பதற்கு முன்னால் ஒவ்வொன்றாகப் பார்த்திருக்க வேண்டும்.

கேள்வி: என் தங்கைக்கு வளைகாப்பு முடிந்தது. அடுக்கின கண்ணாடி வளையல்கள் நிறைய மிச்சம். தோழிகள், நாத்தனார் எல்லாரும் சேர்ந்து அதை உருக்கி ஒரு தட்டாகச் செய்து குழந்தை பிறந்ததும் கொடுக்கலாம்னு யோசனை. வாங்கின வண்ணக் கண்ணாடியோட கலந்து வைக்கலாமா?
– ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்: யோசனை நல்ல யோசனை. கலக்க வேண்டாம்.

சூடானால் எல்லாக் கண்ணாடியும் விரியும், ஆறினால் சுருங்கும், ஆனால் எல்லாம் ஒரே அளவில் அல்ல. அந்த அளவுக்கு ஒரு எண் உண்டு, அதுதான் சிஓஇ. இந்த வேலைக்கென்றே விற்கிற தகடுகளில் 90 என்றும் 96 என்றும் இரண்டு வகை அதிகம் புழங்குகிறது, ஜன்னல் கண்ணாடி எண்பதுகளில் வரும். 90 என்றால், ஒரு டிகிரி சூட்டுக்கு, தன் நீளத்தில் ஒரு கோடியில் 90 பங்கு நீள்கிறது. என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். 30 செ.மீ. தட்டில் 90-ஐயும் 84-ஐயும் சேர்த்து உருக்கிவிட்டு 480 டிகிரியிலிருந்து அறைச் சூட்டுக்குக் கொண்டு வந்தால், இரண்டும் சுருங்குவதில் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் கண்ணாடிக்கு வளைந்து கொடுக்கத் தெரியாது, அந்தத் துளியே போதும் பிளப்பதற்கு. (இதை நட்போடு ஒப்பிட்டு வாழ்த்து அட்டையில் யாராவது எழுதினால் நான் பொறுப்பல்ல.)

வளையலின் எண் என்ன என்று அதை விற்கிற கடைக்காரருக்கும் தெரியாது. அதனால் வளையலை வளையலோடு மட்டும் சேருங்கள், அதுவும் ஒரே பெட்டியில், ஒரே நிறத்தில் வந்தவை. முதலில் இரண்டே இரண்டு வளையலைக் குறுக்கே வைத்துச் சுட்டுப் பார்த்து ஒரு வாரம் சும்மா வையுங்கள். நின்றால் மற்றதைச் செய்யலாம். முழுவதும் உருகித் தட்டையாக வேண்டாம், 730-750 டிகிரியோடு நிறுத்தினால் வளையம் வளையமாக உருவம் தெரியும், தொட்ட இடத்தில் மட்டும் ஒட்டியிருக்கும். அதுதான் இதற்கு அழகு என்பது என் கருத்து, முழுக்க உருக்கிவிட்டால் அது வளையல் என்று யார் நம்புவார்கள்? மேலே பூசின பொன் கோடும் ஜிகினாவும் சூட்டில் மங்கும் அல்லது போய்விடும். அதைப் பார்த்து வருத்தப்படுவீர்கள் என்றால் நாலைந்தை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் பெட்டியிலேயே வையுங்கள்.

இன்னொன்று. உங்கள் தங்கை கூடவே உட்கார்ந்து அடுக்கட்டும், நிறம் சொல்லட்டும். தூள் கண்ணாடி, கண்ணாடி ஓரம் தேய்க்கிற கிரைண்டர் பக்கம் மட்டும் வர வேண்டாம். வண்ணத்துக்காகச் சில கண்ணாடிகளில் காட்மியம், ஈயம் மாதிரி உலோகங்கள் சேர்ப்பதுண்டு, அந்தத் தூசி கர்ப்பிணிக்கு எதற்கு? அதே காரணத்தால், வளையல் தட்டில் குழந்தைக்குச் சோறு போடாதீர்கள். சுவருக்குத்தான் அது.

கண்ணாடி மணி, வளையல் எல்லாம் வடக்கேயிருந்து மட்டும் வருகிறது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ரேணிகுண்டா பக்கம் பாப்பாநாயுடுபேட்டை என்று ஓர் ஊர், 1911-இல் சித்தூர் மாவட்டம் பிரிவதற்கு முன்னால் அந்தப் பகுதியெல்லாம் நம் வட ஆற்காடுதான். அங்கே உருகிய கண்ணாடியை நீளக் குழலாக இழுத்து, நறுக்கி, மணியாக்குகிற வேலை இருபதாம் நூற்றாண்டு வரை நடந்தது. அரிக்கமேட்டில் தோண்டி எடுத்த மணிகளும் இப்படி இழுத்துச் செய்தவைதான்.

கேள்வி: நான் மண்பாண்டம் செய்கிறவன். கரிகிரி பக்கம். எங்கள் மின்சார உலையிலேயே கண்ணாடியும் சுட முடியுமா? ஒரு தடவை முயற்சி செய்ததில் எல்லாம் துண்டு துண்டாகிவிட்டது. அக்கா, கண்ணாடி ஏன் விரிசல் விடுது?
– ஒரு வாசகர், கரிகிரி

பதில்: தம்பி, உங்களுக்கு இது பாதி தெரிந்த விஷயம். மண்பாண்டத்தில் மெருகு பூசுகிறீர்களே, கரிகிரி பச்சை, பழுப்பு எல்லாம், அந்த மெருகே கண்ணாடிதான். ஆறின பிறகு மெருகில் வலை வலையாக மெல்லிய விரிசல் விழுமே, அது மெருகு மண்ணைவிட அதிகமாகச் சுருங்குவதால் வருவது. மேலே வளையலுக்குச் சொன்ன அதே கதைதான்.

உலை விஷயம்: உங்கள் உலையில் கம்பிச்சுருள் பக்கச் சுவர்களில் இருக்கும், கண்ணாடி உலைக்குப் பெரும்பாலும் மேல் மூடியில். பக்கத்திலிருந்து சூடு வந்தால் பலகையின் ஓரத்துத் துண்டு முதலில் சூடாகும், நடு பின்னால். அதனால் பலகையின் நடுவில் மட்டும், சின்னதாக, நீங்கள் வழக்கமாக ஏற்றுவதில் பாதி வேகத்தில் ஏற்றுங்கள். முக்கியமாக உங்கள் உலையின் கன்ட்ரோலர் இறங்கும்போதும் வேகத்தைக் கட்டுப்படுத்துமா என்று பாருங்கள். நிறைய மண்பாண்ட உலைகள் உச்சத்தைத் தொட்டதும் அணைந்துவிடும், பானைக்கு அது போதும்.

துண்டுகளைத் தூக்கிப் போடவில்லை என்றால் எடுத்து உடைந்த விளிம்பைத் தடவிப் பாருங்கள், விரலைக் கிழித்துக்கொள்ளாமல். விளிம்பு மழுங்கி உருண்டிருந்தால் ஏறும்போது உடைந்திருக்கிறது, உடைந்த பிறகு மேலும் சூடேறி ஓரம் உருகியிருக்கிறது, ஆக நீங்கள் வேகமாக ஏற்றிவிட்டீர்கள். விளிம்பு கத்தி மாதிரி இருந்தால் இறங்கும்போது உடைந்தது, அல்லது கண்ணாடி பொருந்தவில்லை. விரிசல் குறிப்பிட்ட ஒரு நிறத்துண்டைச் சுற்றியே ஓடியிருந்தால் அந்தத் துண்டுதான் குற்றவாளி. பலகைக்கு கில்ன் வாஷ் பூசினீர்களா? பூசாமல் வைத்திருந்தால் கண்ணாடி பலகையோடு ஒட்டிக்கொண்டு இழுத்து உடைந்திருக்கும், கூடவே பலகையும் போச்சு.

கேள்வி: ஜன்னல் கண்ணாடி, காலி பாட்டில் இதையெல்லாம் வைத்துச் செலவில்லாமல் நண்பர்களோடு செய்ய முடியாதா? வண்ணத்தகடு எல்லாம் வெளிநாட்டு விலை சொல்கிறார்கள்.
– ஒரு வாசகர், ராணிப்பேட்டை

பதில்: முடியும், எனக்குப் பிடித்த வழியும் அதுதான். ஒரே நிபந்தனை, ஒரே தாய் வயிற்றுப் பிள்ளையாக இருக்க வேண்டும். ஒரு பாட்டிலை வெட்டினால் அந்த பாட்டிலின் துண்டுகள் மட்டும். ஒரு ஜன்னல் தகடு என்றால் அதே தகட்டின் துண்டுகள். உங்கள் ஊரிலிருந்து சென்னைக்குப் போகிற வழியில் ஸ்ரீபெரும்புதூரில் 2000-ஆம் ஆண்டிலிருந்து ஜன்னல் கண்ணாடி தயாராகிறது, உருகிய கண்ணாடியை உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட்டு எடுப்பது. அதனால் தகட்டின் ஒரு பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாமல் வெள்ளீயம் கொஞ்சம் ஒட்டியிருக்கும். அந்தப் பக்கம் சூட்டில் சில சமயம் பனி படிந்த மாதிரி மங்கும். எது அந்தப் பக்கம் என்று கள்ளநோட்டு பார்க்கிற புற ஊதா விளக்கை இருட்டில் காட்டினால் தெரியும், வெள்ளீயப் பக்கம் லேசாகப் பால் போல ஒளிரும்.

இந்தக் கண்ணாடிகளுக்கு வண்ணத்தகட்டைவிட அதிகச் சூடு வேண்டும், முழுதாக உருக 830 டிகிரி வாக்கில், ஆறவைக்க நிறுத்துவதும் 540-550 பக்கம். பாட்டிலுக்கு 700 சொச்சத்தில் அதிக நேரம் நின்றால் மேலே ஆடை படிந்த மாதிரி வெள்ளையாகச் சொரசொரக்கும், அந்த இடத்தைச் சீக்கிரம் தாண்டிவிட வேண்டும். டஃபன்டு கண்ணாடியை (சூடேற்றிச் சட்டென்று குளிரவைத்து உறுதியாக்கியது) வெட்டப் பார்க்காதீர்கள், கட்டர் பட்டு உடைத்ததும் மொத்தமும் கற்கண்டு மாதிரி உதிர்ந்துவிடும்.

செய்து முடித்தது நிற்குமா என்று சோதிக்கவும் செலவில்லாத வழி உண்டு. லேப்டாப் திரையில் வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, அதன் முன்னால் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போட்டுத் தலையைச் சாய்த்துத் திரை இருட்டாகிற கோணத்தில் பாருங்கள். இரண்டு கண்ணாடி சேர்ந்த இடத்தில் வெள்ளையாக ஒளிவட்டம் தெரிந்தால் உள்ளே இழுவை இருக்கிறது. அதைப் பரிசாகக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: மைக்ரோவேவ் அல்லது கேக் சுடும் ஓவனில் செய்யலாமா?
– ஒரு வாசகி, ஆரணி

பதில்: கேக் ஓவன் 250 டிகிரியோடு நின்றுவிடும், கண்ணாடி அசையாது. மைக்ரோவேவுக்குள் வைக்கிற சின்ன உலை டப்பா விற்கிறார்கள், அதில் டாலர், கம்மல் அளவுக்குச் செய்யலாம். ஆனால் அந்த மைக்ரோவேவை அப்புறம் சமையலறைக்குக் கொண்டு போகாதீர்கள்.

கேள்வி: நாலு பேர் சேர்ந்து சின்ன உலை ஒன்று வாங்கலாம்னு பேச்சு. கரண்ட் பில் எவ்வளவு வரும்? நடுவில் கரண்ட் போனால் என்ன ஆகும்?
– ஒரு வாசகி, சத்துவாச்சாரி

பதில்: 2.5 கிலோவாட் உலை, எட்டு மணி நேர ஓட்டம், அதில் பாதி நேரம்தான் கம்பி எரிகிறது என்று வைத்தால் 10 யூனிட். பில்லைவிட வயரிங்கைக் கவனியுங்கள். 15 ஆம்பியர் பிளக், தனி லைன், நல்ல எர்த், சுவரிலிருந்து தள்ளி. அதே லைனில் ஏசி இருக்கக் கூடாது.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்த ஏரியாவுக்கு என்று முதல் நாளே பேப்பரில் வருகிறதே, அதைப் பார்க்காமல் உலையை ஏற்றாதீர்கள். அப்படியும் சொல்லாமல் போகும். ஏறுகிற வழியில் போனால் கவலையில்லை, ஆறவிட்டு மறுபடி முதலிலிருந்து மெதுவாக. உச்சத்தில் போனால் கண்ணாடி அநேகமாக ஒட்டியிருக்கும், ஆனால் ஆறவைக்கும் கட்டம் சரியாக நடந்திருக்காது. முழுக்க ஆறின பிறகு மெதுவாக 480 வரை ஏற்றி (உங்கள் கண்ணாடி ஜன்னல் வகை என்றால் 540), அங்கே வழக்கம்போல நிறுத்தி இறக்குங்கள், பெரும்பாலும் பிழைத்துவிடும். எந்தக் கட்டமானாலும் மூடியைத் தூக்கிப் பார்க்கக் கூடாது. நாலு பேர் சேர்ந்து வாங்கினால் நாலு பேருக்கும் பார்க்கத் தோன்றும், அதனால் யார் வீட்டில் வைப்பது என்பதை ஆவல் குறைவான ஆளாகப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

உலை 40 டிகிரிக்குக் கீழே வந்த பிறகு திறக்கலாம் என்று எல்லாருக்கும் சொல்வேன். வேலூரில் மே மாதத்தில் இதைச் சொன்னால், "அக்கா, ஹாலே 41 காட்டுது" என்கிறார்கள். சரி, அக்னி நட்சத்திரத்துக்கு மட்டும் 50-இல் திறந்துகொள்ளுங்கள்.